இருபத்தொன்பது அடி ஏழு அங்குலம்

போன கிழமை ஓய்வூதியக் கடதாசி ஒன்றில் கையெழுத்து வாங்குவதற்காக மாத்தளையில் நான் முன்பு வேலை செய்த நம் கந்தோருக்கு வந்திருந்தேன். அப்போதுதான் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் நீங்கள் இரண்டு பேரும் சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்தீர்கள். ஒரு வீட்டுக்கு அளவு போட்டுவிட்டு வந்த சந்தோசம் முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு மூலைவிட்டமும் ஒன்னா வந்திருச்சு மிஸ். நாளைக்கே அத்திவாரம் வெட்டலாம்," என்றாள் தங்கச்சி.

"எவ்வளவு வந்துச்சு?"

"ஒரே அளவு மிஸ்."

"அது வெளங்குது. எவ்வளவு வந்துச்சு?"

தம்பி போனைத் தட்டிப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னான்.

"சரி. எவ்வளவு வரணும்?"

தம்பி மறுபடியும் போனைத் தட்டத் தொடங்கினான். நான் குரலை உயர்த்திவிட்டேன். பியோன்கூட எட்டிப் பார்த்தார். பென்சன் எடுத்த பிறகும் வந்து கத்துகிற மனுசி என்று நினைத்திருப்பீர்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேள்விக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஏனென்றால் அதே கேள்வியை ஒருநாள் என்னிடம் நானே கேட்காமல் விட்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செவ்வகத்தின் மூலைவிட்டம் காண்பது பெரிய வித்தை இல்லை. நீளத்தின் வர்க்கத்தையும் அகலத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் முடிந்தது. சதுரம் என்றால் இன்னும் சுகம், பக்கத்தை ஒன்று தசம் நாலு ஒன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். டிவி வாங்கப் போனால் கடை முதலாளி முதல் வாங்குகிறவரின் வீட்டுச் சின்னப்பிள்ளை வரை எல்லோரும் மூலைக்கு மூலை அங்குலக் கணக்கில்தான் பேசுகிறார்கள். வேலைத்தளத்தில் கால் வைத்ததும்தான் நமக்கு மறந்துபோகிறது.

அப்போது நான் வில்கமுவப் பக்கத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவையில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்த காலம் அது.

அங்கே குசுமா என்று ஒரு சிங்களப் பெண். வயல்காரி. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இரண்டு மாதமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றில் வைத்த குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்குகிற சிகிச்சையை வீட்டிலேயே செய்யலாம் என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதற்குச் சுத்தமான தனி அறை வேண்டும். டைல் தரை, மூடிய கூரை, கை கழுவ ஒரு பேசின். குசுமா இருந்ததோ வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீடு. அதனால் ஒரு திட்டத்தின் கீழ் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாகச் சின்ன வீடு ஒன்று கட்டிக் கொடுக்க முடிவாகி, அந்த வேலை என்னிடம் வந்தது. வீடு முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் மனிதரை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

குசுமா வாரத்துக்கு ஒருநாள் விடிய முன் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். நான் எப்போது போனாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "எப்ப முடியும் மிஸ்?"

மேசன் பாஸ் நிசாம் நானா உக்குவளைக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அண்ணன் என்ற முறையில் எல்லோருக்கும் அவர் நானா, எனக்கும் நானா. நல்ல வேலைக்காரர். அவருடைய நூறு அடி டேப்பின் நுனி எப்போதோ அறுந்து போயிருந்தது. நுனி போனதற்காக நம் ஆட்கள் டேப்பை வீச மாட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒன்று என்ற கோட்டை முளைக்கட்டையில் பிடிப்பார்கள், மறுமுனையில் வாசித்ததிலிருந்து ஓர் அடியைக் கழிப்பார்கள். நுனி நன்றாக இருந்தாலும் அதிலுள்ள வளையத்தை நம்பாமல் இப்படிப் பிடிக்கிறவர்கள் உண்டு. கழிக்க மறக்காத வரைக்கும் நல்ல பழக்கம்தான்.

வீடு இருபத்துநாலு அடி நீளம், பதினெட்டு அடி அகலம். முன்சுவருக்கு இருபத்தைந்து வாசித்தேன், ஒன்று போக இருபத்துநாலு. செங்கோணம் பார்க்கிற மூலைமட்டம் வைத்து இடப்பக்கச் சுவரைப் பிடித்தோம், பத்தொன்பதில் ஒன்று போகப் பதினெட்டு. பின்சுவருக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கையில் குடை, வாயில் பென்சில். டேப்பில் இருபத்துநாலைத் தேடினேன், கண்டுபிடித்தேன், "இங்க அடிங்க நானா" என்றேன். முளை இறங்கிவிட்டது. கழிக்கவில்லை. பின்சுவர் இருபத்துமூன்று அடியாகிப் போனது எனக்குத் தெரியாது.

மழை விட்டதும் மூலைக்கு மூலை பிடித்தோம். ஒன்று சரியாக முப்பது அடி வந்தது. மற்றது இருபத்தொன்பது அடியும் இரண்டு அங்குலச் சொச்சமும். "கோணல் நானா," என்றேன். பின்னால் இருந்த இரண்டு முளைகளையும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொன்னேன். அரை அடி நகர்ந்ததும் இரண்டும் ஒத்துக்கொண்டன, இருபத்தொன்பது அடி ஏழு அங்குலம். நோட்டில் இரண்டு தடவை எழுதி, பக்கத்தில் 'சரி' போட்டு, கீழே கோடும் இழுத்தேன்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று பாருங்கள். வர வேண்டிய முப்பது முதல் கையிலேயே வந்திருந்தது. அதைக் கோணல் என்று தள்ளிவிட்டு, இரண்டு பிழையான அளவுகளை ஒன்றாக்கி, ஒற்றுமையாக இருக்கின்றன என்று மகிழ்ந்திருக்கிறேன். பின்பக்கம் ஒடுங்கிய ஓர் உரு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒடுங்கினால் அதன் மூலைவிட்டங்களும் சமமாகத்தான் வரும். எதிரெதிர்ச் சுவர்களும் சமமாக இருந்தால்தான் அது செவ்வகம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்ஸ் வாங்கியவள்தான் நான்.

இரண்டு கிழமையில் கருங்கல் அத்திவாரம் எழும்பியது. அதன் மேல் கொங்கிரீட் பட்டி போட வேண்டிய நாளில் காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். முதல்நாள் பெய்த மழைக்குக் குசுமா தன் படங்கை, நெல் காயப்போடுகிற அந்தப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பை, அத்திவாரம் முழுவதும் மூடி விரித்துக் கல் வைத்திருந்தார். நான் போனபோது அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"மிஸ், கொஞ்சம் வந்து பாருங்க," என்றார் சிங்களத்தில். "முன்னால ரெண்டு பக்கமும் ஒரு சாண் தொங்குது. பின்னால ஒன்றரைச் சாணுக்கும் மேல தொங்குது. நான் நடுவில பிடிச்சுத்தான் விரிச்சேன்."

"படங்கு இழுபட்டிருக்கும்."

"இந்தப் போகத்துக்கு வாங்கின புதுப் படங்கு மிஸ்."

"நான் மூலைக்கு மூலை பார்த்தாச்சு. ரெண்டும் ஒரே அளவு. நெல் காயப்போடுறது உங்க வேலை, வீடு அளக்கிறது என் வேலை."

அவர் கற்களை எடுத்து ஓரமாக வைத்தார். படங்கை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிழை விட்டதைவிட, அந்த வாய்தான் எனக்கு உறுத்துகிறது.

கலவையைத் தாங்குகிற பலகை அடைப்பைப் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கலவை போடலாம் என்று நிசாம் நானாவிடம் சொல்லி மாத்தளை பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பக்கத்துக்குப் பகலில் அந்த ஒரு பஸ்தான். யன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடினால் புதுப் படங்கு, புதுப் படங்கு என்றே மனதில் ஓடியது. இழுபடாத ஒரு விரிப்பு எப்படிப் பின்னால் மட்டும் கூடித் தொங்கும்?

டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இருபத்துநாலின் வர்க்கம் ஐந்நூற்று எழுபத்தாறு. பதினெட்டின் வர்க்கம் முந்நூற்று இருபத்துநாலு. கூட்டினால் தொள்ளாயிரம். தொள்ளாயிரத்துக்கு வர்க்கமூலம் எடுக்கக் கல்குலேட்டர்கூடத் தேவையில்லை. முப்பது. நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் இருபத்தொன்பது அடி ஏழு அங்குலம், இரண்டு தடவை, பக்கத்தில் 'சரி'. 

நிசாம் நானாவுக்கு போன் எடுத்தேன். அந்த இடத்தில் சிக்னல் எப்போதும் இருப்பதில்லை, அன்றைக்கும் இல்லை. அடுத்த பஸ் தரிப்பில் இறங்கிவிட்டேன். திரும்பிப் போக ஒன்றும் கிடையாது. கடைசியில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு வந்த லேண்ட்மாஸ்டர் ஒன்று நின்றது. கையால் ஓட்டுகிற உழவு மிசினில் பெட்டி பூட்டிய அந்த வண்டி போகிற வேகத்தில், இறங்கி நடந்தால் முந்திவிடலாம் போலிருந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து வழி முழுவதும் கலவை போட்டிருக்கக் கூடாது, போட்டிருக்கக் கூடாது என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

போய் இறங்கும்போது முற்றத்தில் கலவை குவிந்திருந்தது. நிசாம் நானா முதல் சட்டியைத் தூக்கி முன்மூலையில் நிற்கிறார்.

"நிப்பாட்டுங்க நானா."

"என்ன மிஸ், பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"பின்சுவர அளங்க."

அளந்தார். வாசித்தார், கழித்தார், மறுபடி வாசித்தார். சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இருபத்துமூனு. ரெண்டு மூலையும் ஒன்னா இருந்திச்சே மிஸ்."

"ஒன்னாத்தான் இருந்துச்சு. நான்தான் பின்சுவருக்கு ஒரு அடி கழிக்கல."

"முளை அடிச்சது நான். பழைய டேப்பும் என்னோடது. ஒங்க தலையில மட்டும் போட்டுக்காதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போட்டுட்டுப் போவோம் மிஸ். பூச்சுல இழுத்துரலாம். டைல் ஓரத்த வெட்டிப் போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. உடைச்சுக் கட்டினா ஒரு மாசம் போயிரும். அந்த மனுசன் ஆஸ்பத்திரியிலயே கெடப்பார்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மனிதருக்காகத்தான் சொன்னார். உண்மையைச் சொன்னால், நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். கலவை இறுகிக்கொண்டிருக்கிறது. முக்கால் மணித்தியாலம் போனால் அது கல். உடைக்கச் சொன்னால் குசுமாவின் ஒரு மாதம் போகும். உடைக்காமல் விட்டால் சுவர் கோணல், நேராகச் செய்து வரப்போகும் கூரைச் சட்டம் அதில் உட்காராது, இடைவெளியில் பல்லியும் தூசியும் வரும். சுத்தமான அறை என்றுதானே இந்த வீடே கட்டுகிறோம்.

குசுமா கிணற்றடியிலிருந்து வந்து நின்றார். நான் பஸ்ஸில் போனவள் எப்படித் திரும்பி வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஏதோ பிழை என்று விளங்கியிருக்க வேண்டும்.

"உங்க படங்கு சரி," என்றேன். "நான்தான் பிழை. பின்பக்கம் ஒரு அடி குறைஞ்சு போச்சு. காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் மூச்சு விட்டார். "இப்ப என்ன செய்யிறது? அவர் வர்றது தள்ளிப் போகுமா?"

அவருக்கு வேறு கேள்வி இல்லை. எனக்கும் அதைத் தவிர வேறு கேள்வி இருக்கக் கூடாது என்று அப்போதுதான் தலை தெளிந்தது. என் பெயர், என் நோட்டு, கந்தோரில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் பிறகு. நாள் தள்ளிப் போகாமல் சுவர் நேராக வர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

வெறும் சீமெந்துப் பையைக் கிழித்து அதில் கீறினேன். அத்திவாரத்தின் மேல்முகம் ஒன்றரை அடி அகலம். அதன் நடுவில் ஏறப் போகிற சுவர் ஆறு அங்குலம்தான். அப்படியென்றால் சுவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மூன்று அங்குலம் நகர இடம் தாராளமாக இருக்கிறது. முன்மூலைகள் இரண்டையும் மூன்று மூன்று அங்குலம் உள்ளே எடுப்போம். பின்மூலைகள் இரண்டையும் மூன்று மூன்று அங்குலம் வெளியே தள்ளுவோம். முன்னும் பின்னும் இருபத்துமூன்றரை. ஒரு கல்லையும் உடைக்க வேண்டாம்.

நிசாம் நானா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலகைய மட்டும் நகர்த்தினாப் போதும். சரியா வரும் மிஸ்."

"வீடு ஆறு அங்குலம் குறையும்," என்று குசுமாவிடம் சொன்னேன். "அவரோட அறையில கை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி சொன்ன அளவு அப்படியே இருக்கும். மற்ற அறையிலதான் குறையும். உங்களுக்குச் சம்மதமா?"

"ஆறு அங்குலத்தில ஒரு நெல் மூட்டைகூட நிக்காது மிஸ்," என்றார் குசுமா. "எடுத்துக்கோங்க."

பலகையை நகர்த்த முதல் நான் செய்தது, வர வேண்டிய மூலைவிட்டத்தைக் கணக்குப் போட்டதுதான். இருபத்துமூன்றரையின் வர்க்கம் ஐந்நூற்று ஐம்பத்திரண்டே கால். அதோடு முந்நூற்று இருபத்துநாலு. எண்ணூற்று எழுபத்தாறே கால். வர்க்கமூலம் இருபத்தொன்பது தசம் ஆறு. அதை அடி அங்குலமாக்கியபோது பென்சில் நின்றுவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே இருபத்தொன்பது அடி ஏழு அங்குலம்தான்.

நான் சிரித்துவிட்டேன். நிசாம் நானா பயந்துபோய் என்னைப் பார்த்தார். இரண்டு கிழமையாக என் நோட்டில் இருந்த அந்த எண் எந்த வீட்டுக்கு உரியதோ, அந்த வீட்டை இப்போதுதான் கட்டப் போகிறோம் என்று அவருக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் நாலு சுவர்களையும் அளந்தோம். குசுமா டேப்பின் ஒன்று என்ற கோட்டை மூலையில் பிடித்தார், நிசாம் நானா மறுமுனையில் வாசித்தார், நான் ஒவ்வொரு தடவையும் சத்தமாகக் கழித்தேன். பிறகு மூலைக்கு மூலை. முப்பது அடி ஏழு அங்குலம், ஒன்று போக இருபத்தொன்பது ஏழு. அடுத்ததும் அப்படியே. அதன் பிறகுதான் கலவை போட்டோம். கடைசி இரண்டு சட்டி இறுகிப் போய்விட்டது. கிணற்றடியில் கொட்டி மட்டமாகத் தட்டிவிட்டார் நிசாம் நானா. குசுமா இன்றைக்கும் அதன் மேல்தான் உடுப்புத் துவைக்கிறார்.

மறுநாள் கந்தோரில், வரைபடத்தில் நீளத்தைத் திருத்தி, 'பின்சுவரை வாசித்தபோது ஓர் அடி கழிக்கவில்லை, பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதையெல்லாம் எழுதத்தான் வேணுமா?" என்றார். கூரை செய்கிறவருக்குப் புது அளவு தெரிய வேண்டும் சேர், காரணமும் தெரிந்தால் நல்லது என்றேன். கொஞ்ச நாளைக்குக் கந்தோரில் 'ஓரடி மிஸ்' என்று எனக்குப் பட்டப் பெயர் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

வீடு சொன்ன நாளில் முடிந்தது. கூரைச் சட்டம் லொறியிலிருந்து இறங்கி ஒரு தட்டுத் தட்டாமல் சுவரில் உட்கார்ந்தது. நர்ஸ் வந்தார். பேசினில் தண்ணீர் விட்டுப் பார்த்தார், கூரையின் மூலைகளைப் பார்த்தார், அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு டேப்பைப் பையில் போட்டார்.

"மூலைக்கு மூலை பாக்கலையா?" என்று கேட்டார் குசுமா.

நர்ஸ் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நிசாம் நானா வாசலுக்கு வெளியே போய்ச் சிரித்தார். நர்ஸ் கையெழுத்து வைத்தார்.

உங்கள் கையில் இப்போது சிவப்புப் புள்ளி விழுகிற மீட்டர் இருக்கிறது. அது கழிக்க மறக்காது. நல்ல சாமான், நான் பொறாமைப்படுகிறேன். ஆனாலும் எவ்வளவு வந்தது என்று மட்டுந்தான் அது சொல்லும். எவ்வளவு வர வேண்டும் என்பதை நீங்கள் முதலே நோட்டில் எழுதிவைத்திருக்க வேண்டும். அளவுகள் தங்களுக்குள் ஒத்துப்போனால் அதோடு நின்றுவிடாதீர்கள். யாராவது, அது படங்கு விரிக்கிறவராக இருந்தாலும், இதைக் கொஞ்சம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், போய்ப் பாருங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் வேறு வேலையாக வில்கமுவவுக்குப் போனபோது குசுமா வீட்டில் இறங்கினேன். அறுவடை முடிந்திருந்தது. முற்றம் நிறையப் படங்கு விரித்து நெல் காய்ந்தது. குசுமாவின் கணவர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கையில் நீளக் கம்போடு கோழி விரட்டிக்கொண்டிருந்தார். அவரை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன். நான் யார் என்று குசுமா உள்ளேயிருந்து சொன்னார். அவர் எழும்பப் பார்த்தார், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"வீட்டில ஆறு அங்குலம் குறையிதுன்னு இவ சொல்றா," என்றார். திரும்பி அறையை ஒருதடவை பார்த்துவிட்டு, படங்கில் ஏறப் பார்த்த கோழியைக் கம்பால் தட்டினார். "எனக்கு இது போதும் மிஸ்."